வாசல் குழாய்

“வாங்க, வந்து பாருங்க! இன்னிக்கும் மண்ணைப் போட்டுக் கழுவுறாரு!”

ஜன்னல் திரையை விலக்கிப் பிடித்துக்கொண்டு அருள்ஜோதி கணவனைக் கூப்பிட்டாள்.

பக்கத்து வீட்டு வாசல் குழாயடியில் இப்ராஹீம் பாய் குனிந்து நின்று கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை, இரண்டு தடவை இல்லை. தண்ணீர் விடுவதும் தேய்ப்பதுமாக முடிகிற பாடாயில்லை. நடுவில் பூந்தொட்டியிலிருந்து ஒரு பிடி மண் வேறு.

“நம்ம மேஜர் அவர் கேட்டைத் தாண்டி வந்தான்ல? அதுக்குத்தான் இந்தக் கழுவல்!”

“விடு லா. அவங்க பழக்கம்,” என்றான் ஜார்ஜ். அவன் ஜன்னல் பக்கமே வரவில்லை.

மேஜர் சோபா ஓரத்தில் மூச்சு வாங்கப் படுத்திருந்தது. லேப்ரடார் நாய். சிங்கப்பூரில் ஆங் மோ கியோ பக்கத்தில் அந்தத் தரைவீட்டு வரிசையில் அதைத் தெரியாதவர்கள் கிடையாது. அவ்வளவு குண்டு.

சில மாதங்களுக்கு முன்பு எடை மெஷினைப் பார்த்துவிட்டு மிருக மருத்துவர் தன்னைப் பார்த்த பார்வையை அருள்ஜோதியால் மறக்க முடியவில்லை. இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது, ஆபரேஷன் செய்தாக வேண்டும், ஆனால் இந்த எடையில் மயக்க மருந்து கொடுக்க முடியாது என்றார். அதற்காகப் பட்டினி போட்டுவிடக் கூடாது, அது ஆபத்து. சாப்பாட்டை அளந்து போட வேண்டும், வெயில் தாழ்ந்ததும் மெதுவாக நடக்கவிட வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைய வேண்டும்.

அன்றோடு பிஸ்கட், தோசை ஓரம், மீந்த கோழிக்கறி எல்லாம் நின்றன. அளந்து போடுவது அருள்ஜோதி. மாலையில் பூங்காவுக்கு நடத்திக் கூட்டிப் போவது வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஜார்ஜ். எடையும் இறங்கிக்கொண்டே வந்தது. இன்னும் கொஞ்சம் குறைந்தால் ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்துவிடும். தேவாலயத்தில் பார்க்கிறவர்களிடமெல்லாம் அருள்ஜோதி ஜார்ஜின் நடைப் புராணம்தான் பாடிக்கொண்டிருந்தாள்.

இப்படிப் பாடுபட்டுத் தேற்றுகிற பிள்ளையைப் பார்த்து ஒருவர் தினமும் கை கழுவினால் யாருக்குத்தான் பொறுக்கும்? விறுவிறுவென்று வாசலுக்குப் போனாள்.

“என்ன பாய், எங்க நாயோட காத்து பட்டாலே தீட்டா?”

இப்ராஹீம் பாய் திடுக்கிட்டு நிமிர்ந்தார். “ஐயோ, அப்படியெல்லாம் இல்லம்மா...”

“அப்போ மண்ணு எதுக்கு? நாங்க பாக்கணும்னுதானே வாசல்ல நின்னு கழுவுறீங்க?”

அவர், அருள்ஜோதிக்குப் பின்னால் வந்து நின்ற ஜார்ஜைப் பார்த்தார். ஜார்ஜ் தன் செருப்பைப் பார்த்தான். பாய் குழாயை மூடிவிட்டு உள்ளே போனார்.

“நல்லா நறுக்குனு கேட்டுட்டேன்,” என்று சொல்லிவிட்டு அருள்ஜோதி அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

மறுநாளிலிருந்து அந்தக் குழாயடி காய்ந்து கிடந்தது.

அடுத்த முறை எடை பார்த்தபோது மேஜரின் எடை ஏறியிருந்தது. காலையில் எழுந்திருக்க முடியாமல் முன்னங்காலை ஊன்றி ஊன்றித் தவித்தது. பார்க்கவே பாவமாக இருந்தது.

“சாப்பாட்டு அளவு மாறவே இல்லையே. நீங்க நடக்கக் கூட்டிட்டுத்தானே போறீங்க?”

“போறேனே,” என்றான் ஜார்ஜ். குரலில் சுரத்தில்லை.

சனிக்கிழமை மாலை அருள்ஜோதியே வாரைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். பக்கத்து வீட்டுக் கேட்டுக்கு முன்னால் வந்ததும் மேஜர் உட்கார்ந்துவிட்டது. இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. வாலைத் தரையில் அடித்துக்கொண்டு கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

பாயின் மனைவி சம்சுன்னிசா வெளியே வந்தார். “இன்னிக்கும் வந்து உக்காந்துட்டியா மேஜர்? அவரு வரமாட்டாரு, போப்பா.”

“யாரு வரமாட்டாருக்கா? பாயா?”

சம்சுன்னிசா தயங்கினார். “உனக்கு நெஜமாவே தெரியாதாம்மா? ஜார்ஜ் தம்பி இவனைப் பார்க் பெஞ்சுல கட்டிட்டுக் காப்பிக்கடைல போய் உக்காந்துருவாப்ல. இவன் படுத்தே கெடப்பான். எங்க வீட்டுக்காரரு சாயங்காலம் அங்கதான் நடக்கப் போவாரு. பாத்துட்டு மனசு கேக்காம அவுத்துக் கூட்டிட்டு நடந்தாரு. அப்புறம் தெனமும் அதே வேலதான்.”

அருள்ஜோதியின் முகம் சுண்டிப்போனது. “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா...”

“தம்பி சொல்ல வேணாம்னு கெஞ்சுனாப்லயாம். குடும்பத்துக்குள்ள நம்மளால சண்டை வேணாம்னு இவரும் விட்டுட்டாரு.”

கணவனின் நடையைப் பற்றி யார் யாரிடம் பெருமையடித்தோம் என்று ஒவ்வொரு முகமாக அவளுக்கு ஞாபகம் வந்தது.

“இப்போ ஏன்க்கா நிறுத்திட்டாரு?”

“இவன் கையை நக்காம ஒரு அடி எடுத்து வைக்க மாட்டானே! நாய் எச்சில் பட்டா நாங்க ஏழு தடவ கழுவணும், அதுல ஒண்ணு மண்ணால. கழுவிட்டுத்தான் தொழ முடியும். அதைப் பாத்து உனக்கு மனசு கஷ்டமாப் போச்சுல்ல? அதான் கூட்டிட்டுப் போறதையே விட்டுட்டாரு.”

‘தீட்டா’ என்று தான் கேட்டது அருள்ஜோதிக்குத் திரும்பக் கேட்டது. வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது.

“நான்... பாய்க்கு எங்க நாயைக் கண்டாலே புடிக்காதுன்னு நெனச்சேன்க்கா.”

சம்சுன்னிசா கேட்டைத் திறந்துவிட்டார். மேஜர் தட்டுத் தடுமாறி எழுந்து உள்ளே போனது.

“புடிக்காதவரு தொட்டிருக்கவே மாட்டாரேம்மா. தொடாதவருக்குக் கழுவ என்ன இருக்கு?”