முயலின் கடையில் வாங்கிய துப்பாக்கி

நரி தன் முதல் துப்பாக்கியை வாங்க முயலின் கடைக்குப் போனது.

"கவுதாரி, முயலெல்லாம் சுடணும். விலை கம்மியா ஒண்ணு காட்டு."

முயல் இரண்டை எடுத்து வைத்தது. "ரெண்டும் ஒரே விலைண்ணே. இந்தப் பழசு குறி தப்பாது. அந்தப் பளபளப்புக்குக் குழல் கோணல், குண்டு இடப்பக்கம் ஓடிடும்."

நரி கண்ணை இடுக்கியது. "முயலைச் சுட முயலே நல்ல துப்பாக்கி குடுக்குமா? யாருகிட்டடா கதை விடுறே?" என்றபடி பளபளப்பானதைக் கையில் எடுத்தது.

"ஐயோ, அது வேணாம்ணே!"

"கெஞ்சுறியா? அப்ப எனக்கு அதேதான் வேணும்."

மறுநாள் புல்வெளியில் மேய்ந்துகொண்டிருந்த அதே முயலை நரி சுட்டது. டுமீல்! குண்டு இடப்பக்கத்துக் கள்ளியில் புதைந்தது.

"நேத்தே சொன்னேனேண்ணே!" முயல் அருகம்புல்லை மென்றது. "கொஞ்சம் வலப்பக்கமாக் குறி வைங்க."

"இதுலயும் ஏதோ சூது இருக்கு" என்று முணுமுணுத்த நரி, இன்னும் இடப்பக்கமாகக் குறிவைத்தது.