புரசம்பூவின் நிறம்

ஒரு காட்டில் ஒரு புள்ளிமான் பத்து வருஷமாகக் கண்பார்வையைப் பற்றி ஆராய்ச்சி செய்துவந்தது. மரத்து மந்தி இலையையும் பூவையும் ஒவ்வொன்றாகக் கீழே போடும். கூட்டத்து மான்கள் வரிசையாக வந்து, உற்றுப் பார்த்து, என்ன நிறம் என்று சொல்ல வேண்டும். புரசம்பூவைப் போட்டபோதும் முந்நூறு மான்களும் பச்சை என்றே சொல்லின.

"அது நெருப்பு நிறம், அக்கா" என்று மந்தி மட்டும் ஒவ்வொரு முறையும் சொல்லும்.

"முந்நூறு பேருக்குத் தெரியாதது உமக்குத் தெரியுதாக்கும். கண்ணைக் கழுவிட்டு வாரும், மந்தியாரே" என்று மான் சொல்லும். கூட்டமே சிரிக்கும். மானின் குட்டிதான் அதிகம் சிரிக்கும்.

ஒரு நாள் காலை குட்டி ஓடையோரம் தனியாக மேய்ந்துகொண்டிருந்தது. மரத்திலிருந்து மந்தி மானைக் கூப்பிட்டது.

"அக்கா, குட்டிக்குப் பின்னால புல்லுக்குள்ள அதே நெருப்பு நிறம். மேலே கறுப்புக் கோடு. புலி, அக்கா."

மான் பார்த்தது. பச்சைப் புல்தான் தெரிந்தது. ஆனாலும் மந்தியிடம் கேட்டது.

"எவ்வளவு தூரத்துல?"

"இருபது அடி இருந்தது. இப்போ பத்து."

"கண்ணு, ஓடி வா" என்று மான் கத்தியது. "உன் பின்னால புலி. மந்தியார் பார்த்துட்டார்."

மந்தியின் பேரைக் கேட்டதும் குட்டிக்குச் சிரிப்பு வந்தது. அம்மா பழக்கியிருந்தபடியே அது திரும்பி நின்று, புல்லை நிதானமாக உற்றுப் பார்த்தது.

"பச்சை, அம்மா" என்றது.