வால் இல்லாத மிருகம்

விடிவதற்குள் கழுவிவிட வேண்டும்.

தொட்டித் தண்ணீரை மொண்டு அவள் செவலையின் வாயைக் கழுவினாள். முதல் சொம்புத் தண்ணீர் சிவப்பாகப் போனது. இரண்டாவதும்.

நாய் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. செய்த காரியம் தெரிந்த முகமாகவே இல்லை.

"பாவி," என்றாள். திட்டிக்கொண்டே காதுக்குப் பின்னால் சொறிந்தும் கொடுத்தாள்.

வேலிக்கு அந்தப் பக்கம், சென்னியப்பனின் ஆட்டுப் பட்டியில், ஆட்களின் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

ஒரு மாதமாக ஊரில் இதே பேச்சு. பட்டியில் அடைத்த ஆடுகள் விடியும்போது கழுத்து கிழிந்து கிடந்தன. மர்ம விலங்கு என்று பேப்பரில் போட்டார்கள்.

அதை முதலில் பார்த்தது அவள்தான்.

அதாவது, பார்த்ததாகச் சொன்னது அவள்தான். நாய் என்று தெரிந்தால் கறியில் மருந்தை வைத்துவிடுவார்கள். பக்கத்து ஊரில் அப்படித்தான் ஒரே ராத்திரியில் ஆறு நாய்களை முடித்தார்கள். அதனால் பேப்பர்காரர் வந்து கேட்டபோது வாயில் வந்ததைச் சொன்னாள்.

செவலை சிவப்பு. அது கறுப்பு என்றாள். செவலைக்கு வால் சுருட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு வாலே கிடையாது என்றாள். உயரத்தைக் கேட்டார்கள்.

"ஆளு ஒசரம் இருந்துச்சுங்க."

ஊர் சும்மா இருக்குமா? மறுவாரமே பால்காரர் அதன் கண் இரண்டிலும் டார்ச் லைட் எரிய வைத்தார். டவுன் பஸ் கண்டக்டர் அது கிணற்றை ஒரே தாண்டாகத் தாண்டியதைப் பார்த்தார். வனத்துறை கூண்டு வைத்தது. அதில் ஒரு பூனை மாட்டியது.

கடைசியில் அவளுக்கே பயம் வந்துவிட்டது. பொழுது சாய்ந்தால் கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள்.

செவலையை மட்டும் கட்டவில்லை.

கட்டினால் எல்லாம் தீர்ந்தது. தெரியும். மனசு வரவில்லை.

அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். லோடு இறக்கிவிட்டு ராத்திரி பத்து மணி வாக்கில் வருவார். மெயின் ரோட்டு வளைவில் இரண்டு முறை ஹாரன் அடிப்பார். செவலை ஓடும். அங்கிருந்து வீடு வரைக்கும் கேபினில் அவர் பக்கத்தில் மகாராஜா மாதிரி உட்கார்ந்து வரும். குட்டியாக இருந்தபோது அந்த லாரிச் சக்கரத்தில்தான் அதன் முன்னங்கால் விரல் ஒன்று போனது. அப்படியும் லாரி என்றால் உயிர்.

அவர் போய் இரண்டு வருஷம்.

பத்து மணிக்கு அது இன்னும் வளைவுக்குப் போகிறது. நின்று பார்க்கிறது. திரும்பி வரும் வழியில் எங்கேயோ கெட்ட சகவாசம் பிடித்துக்கொண்டது.

அவர் போன பிறகு அவள் அந்த வளைவுப் பக்கம் போனதில்லை. தனக்கும் சேர்த்து நாயாவது போய்ப் பார்த்துவிட்டு வரட்டும் என்று விட்டிருந்தாள்.

ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பட்டிக்குப் போனாள். போகாமல் இருந்தால் தப்பாகத் தெரியும்.

நான்கு ஆடுகள். ஒன்று சினை.

அவர் போனபோது ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தவர் இந்தச் சென்னியப்பன். அந்த மனிதரின் காலில் விழுந்து சொல்லிவிடலாமா என்று அவளுக்கு இருந்தது.

வனத்துறைக்காரர் டேப்பை வைத்துக்கொண்டு கால்தடம் தேடினார். ராத்திரி தூறல் போட்டிருந்தது. மண் முழுக்க ஆட்டுக் குளம்புகள்.

சென்னியப்பன் தண்ணீர்த் தொட்டி ஓரமாக, ஒரு இரும்புச் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார். என்ன கேட்டாலும் உட்கார்ந்தபடியே பதில் சொன்னார். டீ வந்தபோதும் எழுந்திருக்கவில்லை. கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

ஜீப் போனது. கூட்டமும் கலைந்தது. அவள் மட்டும் நின்றாள்.

அவர் எழுந்து சட்டியை எடுத்தார்.

ஈர மண்ணில் ஒரு தடம் அழுத்தமாகப் பதிந்திருந்தது. நான்கு விரல் இருக்கவேண்டிய இடத்தில் மூன்று.

செருப்புக் காலால் அதைத் தேய்த்தார். நிதானமாக, ஒன்றுமில்லாமல் போகும் வரைக்கும் தேய்த்தார். அவள் பக்கம் திரும்பவே இல்லை.

சாயங்காலம் அவரே வந்தார். கையில் ஒரு நாய்ச் சங்கிலி.

"எங்க நாய் போன வருசமே போயிருச்சு அம்மிணி. இது சும்மா கெடக்குது. வெச்சுக்க."

"அண்ணா, உங்க ஆடு…"

"அதான் மர்ம விலங்குன்னு பேப்பர்லயே போட்டுட்டாங்களே."

திரும்பி நடந்தார். வேலியருகே நின்றார்.

"அதுக்கு வாலே இல்லியாமா?"

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுகையும் வந்துவிட்டது.

இருட்டியதும் சங்கிலியின் கொக்கியை மாட்டினாள். செவலை, ஏதோ புது நகை போடுகிறார்கள் என்பதுபோல் கழுத்தை நீட்டிக் காட்டியது.

பத்து மணிக்கு வளைவில் யாருடைய லாரியோ ஹாரன் அடித்தது.

செவலை பாய்ந்தது. சங்கிலி விறைத்து அதைப் பின்னால் இழுத்தது. மறுபடி பாய்ந்தது. பிறகு நின்று, அவளைத் திரும்பிப் பார்த்தது.

அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"வரமாட்டாருடா," என்றாள்.

இரண்டு வருஷத்தில் அதை அவள் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான்.

லாரிச் சத்தம் தேய்ந்து போகும் வரை அதன் கழுத்தில் கையை வைத்திருந்தாள். செவலை ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தது. அவளும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. தாழ் போட அவள் எழுந்திருக்கவில்லை.