கொய்யா மரத்து மைனாக்கள்

கொய்யாப்பழங்களை மைனாக்கள் கொத்துகின்றன என்பதற்காகப் பக்கத்து வீட்டு ராசாங்கம் காற்றுத் துப்பாக்கியைத் தோளில் அணைத்துத் தோட்டத்தில் நிற்கிறார். "எட்டு நாளா ஒரு எறகுகூட விழுகல, இவரு வேட்டைக்காரராம்!" என்று துவைகல்லருகே நின்று அவருடைய மனைவி செல்லக்கனி சிரிக்கிறார். "பேசாத புள்ள, கை ஆடுது!" என்கிறார் ராசாங்கம். அரைப் பழம் தின்ற பறவைக்கு ஈயக் குண்டா? இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டுவிடவே நான் சுற்றுச்சுவரருகே வந்திருக்கிறேன். மைனாக்களோ பறந்தோடவில்லை, தாழ்ந்த கிளைக்கு இறங்கி, இறகு சிலிர்த்து, காது கிழியக் கத்துகின்றன. ஒன்றுகூடப் பழத்தைப் பார்க்கவில்லை. எல்லா அலகுகளும் தரையை நோக்கியிருக்கின்றன. நானும் பார்க்கிறேன். செங்கல் அடுக்கிலிருந்து நல்ல பாம்பொன்று, காலை வெயிலில் எண்ணெய் பூசியதுபோல் மின்னிக்கொண்டு, ராசாங்கத்தை நோக்கி ஊர்ந்து வருகிறது. "ராசாங்கம், அசையாதீர்! காலடியில் பாம்பு!" குறி பார்த்த கோலத்திலேயே அவர் உறைகிறார். செல்லக்கனியின் கையிலிருந்து ஈரச் சேலை நழுவுகிறது. பாம்பு ராசாங்கத்தின் ரப்பர்ச் செருப்பின்மேல் ஏறி, பாதத்தை நிதானமாகக் கடந்து, முள்வேலிக்குள் நுழைகிறது. மைனாக் கூட்டம் விடாமல் கத்திக்கொண்டே வேலியோரமாக அதைத் துரத்திச் செல்கிறது. "போயிருச்சா சார்?" என்று உதடு அசையாமல் கேட்கிறார் ராசாங்கம். "போய்விட்டது." செல்லக்கனி ஓடிவந்து துப்பாக்கியை வாங்கிக்கொள்கிறார். ராசாங்கத்தின் கைகளோ இன்னும் அதை ஏந்தியபடியே காற்றில் நிற்கின்றன.