வெள்ளைப் பக்கம்

மலையின் நிழல் பள்ளிக்கூடத்தை விட்டு இன்னும் விலகவில்லை. கிரிவலப் பாதையோரத்து வகுப்பறையில், மூன்றாம் வகுப்பு ரித்திகா பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். எதிரே ஆய்வாளர் அன்புச்செல்வி. புதிய வாசிப்புத் திட்டத்தால் பிள்ளைகள் சரளமாகப் படிக்கிறார்கள் என்று போன பருவத்தில் அறிக்கை எழுதியவள் அவள்தான். அதை நம்பித்தான் திட்டம் மாவட்டம் முழுக்கப் போகப்போகிறது. இன்று புதுக் கதையோடு கடைசியாக ஒருமுறை சரிபார்க்க வந்திருக்கிறாள். "ஒரு நிமிஷம் படிம்மா" என்று செல்போனில் நேரத்தை ஓடவிட்டுத் தாளை வைக்கிறாள். மின்விசிறிக் காற்றில் தாள் புரண்டு வெள்ளைப் பக்கம் மேலே வந்துவிடுகிறது. அவள் கை நீட்டுவதற்குள் சிறுமி ஆரம்பித்துவிட்டாள். "ஒரு ஊரில் ஒரு பூனை இருந்தது. அதற்குத் தயிர் என்றால் உயிர்." போன பருவத்தில் இவள் படித்துக் காட்டிய அதே கதை. ஆள்காட்டி விரல் வெற்றுத் தாளில் சொல் சொல்லாக நகர்கிறது. வரி முடியும் இடத்தில் நின்று, இடப்பக்கம் திரும்பி, ஒரு வரி கீழே இறங்குகிறது. பிசகே இல்லை.

"ரித்திகா, தாளைப் பாரும்மா. அதுல என்னா இருக்குது?"

"படிச்சிக்கினுதானே இருக்கேன், மிஸ்." கண் தாளை விட்டு எழவில்லை. விட்ட இடத்திலிருந்தே விரல் தொடர்கிறது.

அன்புச்செல்வி ஜன்னல் பக்கம் திரும்புகிறாள். வராந்தாவில் முறைக்காக வரிசையில் நிற்கும் பதினொரு பிள்ளைகளின் உதடுகளும் சத்தமில்லாமல் அசைகின்றன, ரித்திகாவின் குரலோடு சொல்லுக்குச் சொல் பொருந்தி.

"பூனை மெதுவாகப் பானையை..."

ஒரு நிமிஷம் முடிந்து செல்போன் ஒலிக்கிறது. ரித்திகாவின் விரல் நிற்கிறது. வெளியே பதினொரு வாய்களும் பாதி திறந்தபடியே நிற்கின்றன.