மாயக்காள் கைப் போணி

கடை திறந்து சாம்பிராணிப் புகை அடங்குவதற்குள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். அவரைப் பார்த்ததும் மாயக்காளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வெங்கடேஷ்பாபு. அவளுடைய பழைய முதலாளி.

விளக்குத்தூண் பக்கத்துச் சந்தில் அவர் வைத்திருந்த சின்னப் புடவைக் கடையில்தான், கல்யாணமாகி மதுரைக்கு வந்த புதிதிலிருந்து அவள் வேலை பார்த்தாள். கொரோனா வந்தது. ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"நெலமை சீராகட்டும் மாயக்காளு. கடை தெறந்தா மொத ஆளு நீதான்."

சந்தில் ஒவ்வொரு கடையாக நிலைமை சீரானது. டீக்கடை திறந்தது. வளையல் கடை பாதி ஆட்களோடு திறந்தது. அவர்கள் கடை ஷட்டரில் மட்டும் யார் யாரோ டியூஷன் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள்.

அதுவரைக்கும் சும்மா இருந்தால் வயிறு கேட்குமா? பழங்காநத்தத்தில் ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்றில் பெயரைப் பதிந்து வைத்தாள். அவர்கள் கைகாட்டிய இடத்துக்கெல்லாம் போனாள். கொஞ்ச நாள் ஆஸ்பத்திரி வாசலில் வருகிறவர்களின் நெற்றியில் காய்ச்சல் பார்த்தாள். கொஞ்ச நாள் அப்பளக் கம்பெனி. இப்போது தீபாவளி சீசனுக்கு இந்தப் பெரிய ஜவுளிக்கடை. கீழ்த்தளத்தில் கர்ச்சீப்பும் ஜாக்கெட் துணியும் அவள் பொறுப்பு.

மாயக்காள் என்ற பெயர் கஸ்டமர் வாயில் நுழையாதாம். பேட்ஜில் 'மாயா' என்று போட்டுவிட்டார்கள். எழுமலையில் இருக்கும் அம்மா கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

நேற்று சூப்பர்வைசர் கிரிதர் கூப்பிட்டு, தீபாவளிக்குப் பிறகும் நிரந்தரமாக இருக்கிறாயா என்று கேட்டார். சீசனுக்கு வந்த மற்ற பெண்களெல்லாம் அந்த ஒரு வார்த்தைக்காகச் சாமிக்கு நேர்ந்துகொண்டிருக்கிறார்கள். இவளோ நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டாள்.

சரியென்று தலையாட்டிவிட்டால், முதலாளி வந்து கூப்பிடும்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு வரமாட்டேன் என்பது?

இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். இந்த நேரம் பார்த்து, இதோ அவரே வந்து நிற்கிறார்.

கூப்பிடத்தான் வந்திருக்கிறார். சொன்ன சொல் தவறாத மனிதர். நல்லவேளை, நேற்றே தலையாட்டாமல் விட்டோம் என்று மீனாட்சிக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டாள்.

வேட்டியைத் தவிர வேறெதுவும் உடுத்தாதவர், இன்று பேண்ட் போட்டுச் சட்டையை உள்ளே விட்டிருந்தார். மகள் இந்துப்ரியா படுத்திய பாடாக இருக்கும். மாயக்காளுக்குச் சிரிப்பு வந்தது.

அந்தக் கடையில் முதல் போணி எப்போதும் அவள் கையால்தான். அவளுடையது ராசிக் கை என்று அவர் எப்படியோ முடிவுகட்டிவிட்டார். டவுன் பஸ் தாமதமானால் அவ்வளவுதான். பாய் நிறையக் கஸ்டமர் உட்கார்ந்திருந்தாலும் ஒரு துண்டுத் துணி வெட்டமாட்டார். காபி வாங்கிக் கொடுத்து, ஊர்க்கதை பேசி, அவள் மூச்சிரைக்க வந்து சேரும்வரை ஆளை நகரவிடமாட்டார். அவர் மனைவி நாகமணி சௌராஷ்டிரத்தில் திட்டுவார். அந்த பாஷையில் திட்டு மட்டும் மாயக்காளுக்கு நன்றாகப் புரியும்.

தீபாவளிக்கு முந்தின நாள், உனக்குப் பிடித்த புடவையை எடுத்துக்கொள் என்பார். அவள் இருப்பதிலேயே விலை குறைந்ததாகப் பார்த்து எடுப்பாள். அதைப் பிடுங்கி வைத்துவிட்டு வேறொன்றை நீட்டுவார். அந்தப் புடவைகளைத்தான் அவள் இன்றுவரை விசேஷங்களுக்குக் கட்டுகிறாள்.

இங்கே யார் முதலில் விற்றால் என்ன? பில் கம்ப்யூட்டரில் விழுகிறது. அவள் கைக்கு ராசி உண்டா என்று கேட்க ஒரு நாதியில்லை.

"நீ இங்க இருக்கேன்னு டெய்லர் ஹரிராம் சொன்னான். இன்னைக்கி ஒரு காரியமாப் போறேன் மாயக்காளு. ஒன் கையால போணி வாங்கிட்டுப் போனாத்தான் மனசு நிக்கும்போல இருக்கு. ஒரு கர்ச்சீப்பு குடு" என்றார்.

காரியம் என்றால் கடை திறப்பைத் தவிர வேறென்ன இருக்கப்போகிறது? அவர் வாயாலேயே வரட்டும் என்று பொறுத்துக்கொண்டாள். அந்த நேரம் அவளுக்கு இருந்த சந்தோஷத்தில், கடையில் இருந்த கர்ச்சீப்பை எல்லாம் அவர் தலையில் கட்டியிருப்பாள்.

இருப்பதிலேயே நல்லதாக ஒன்றை எடுத்துப் பில் போட்டு வாங்கி வந்தாள். பழைய வழக்கப்படி கிழக்கே பார்த்து நின்று, கடைப் பையை வலது கையால் நீட்டினாள். அவர் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பிறகு அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"இங்க சீசனுக்கு ஆள் எடுக்குறாகளாமே. அது எந்த மாடி?"

'யாருக்கு, மொதலாளி?' என்று கேட்க வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் கேட்காமலே புரிந்துவிட்டது.

இந்த மனிதரை இங்கே எவனாவது ஒருமையில் கூப்பிடுவானே என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

"மூணாவது மாடி மொதலாளி. வாங்க" என்று முன்னால் நடந்தாள். லிப்ட் பொத்தானை அழுத்தி, அவர் உள்ளே போய்க் கதவு மூடும்வரை நின்றாள்.

வேலை பார்ப்பவர்களும் வேலை கேட்டு வருகிறவர்களும் இந்தக் கடையில் படியேறித்தான் போகவேண்டும். லிப்ட் கஸ்டமருக்கு மட்டும். அவர் கையில்தான் கடைப் பை இருக்கிறதே, எவன் கேட்கப்போகிறான்?

லிப்ட் மேலே போனதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிரிதரிடம் போனாள்.

"தீபாவளிக்கு அப்புறமும் இருந்துக்கிறேன் சார்" என்றாள்.