அடுத்த அறையில் மணி அடிக்கவில்லை

“இந்த அம்மா மறுபடியும் ராங் நம்பர்!”

கையிலிருந்த பேனாவை மேஜை மேல் போட்டார் மேனேஜர் தட்சிணாமூர்த்தி. வேதாவின் முகம் சுண்டிப் போனது.

தாம்பரத்தில் ஒரு டெலிபோன் கம்பெனி. சுழற்றுகிற போன் போய், பட்டன் போன் வந்துகொண்டிருந்த தொண்ணூறுகளின் ஆரம்பம். புது மாடல் ஜனங்களின் கைக்குச் சுலபமாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் வேதாவின் வேலை. அதற்கென்றே பம்பாய் வரை போய்ப் படித்தவள். ‘ஓ, டெலிபோன் ஆபரேட்டரா?’ என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கு விளக்கம் சொல்லியே அவளுக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

சோதனை ஒன்றும் பெரிய விஷயமில்லை. செவ்வாய்க்கிழமைகளில் சேலையூர்ப் பக்கத்துப் பெண்கள் சிலரைக் கம்பெனி வேனில் அழைத்து வருவார்கள். அட்டையில் ஒரு நம்பர் எழுதியிருக்கும். அது அடுத்த அறை போனின் நம்பர். அங்கே மணி அடித்தால் சரி, அடிக்காவிட்டால் தப்பு. போகும்போது ஆளுக்கொரு எவர்சில்வர் டப்பா.

எல்லோரும் சரியாகப் போட்டார்கள். கனகவல்லி மட்டும், வருகிற வாரமெல்லாம் ஒரு தடவையாவது தப்பாகப் போட்டுவிடுவாள்.

“என்னம்மா ஆச்சு?” என்று கேட்டால், “யாரோ ஹலோங்கறாங்கம்மா. இன்னாமோ, வெரலு வழுக்கிக்கினு பூடுது” என்பாள்.

ஆள் மேல் தப்பில்லை, பொருள் மேல்தான் தப்பு என்பது வேதா படித்த படிப்பின் அரிச்சுவடி. பட்டன்கள் நெருக்கமாக இருக்கின்றன என்று மேனேஜரிடம் ஒற்றைக் காலில் நின்றாள். தள்ளி வைத்தும் கொடுத்தார்கள். கனகவல்லி மறுபடியும் தப்பாகத்தான் போட்டாள்.

“ஒரே ஒரு லேடிக்காக இன்னொரு தரம் டிசைனை மாத்த முடியாது வேதா” என்றார் தட்சிணாமூர்த்தி. “எல்லாருக்கும் வருது, இவங்களுக்கு மட்டும் வரலைன்னா கோளாறு போன்லயா, மண்டையிலயா? இவங்களை அனுப்பிட்டு மாடல் ஓகேன்னு ரிப்போர்ட் குடுங்க. இல்லேன்னா, இப்படி ஒரு டிபார்ட்மென்ட் எதுக்குன்னு மேல கேப்பாங்க.”

டிபார்ட்மென்ட் என்பது வேதா ஒருத்திதான்.

கனகவல்லியிடம் போனாள். “அடுத்த வாரத்துலேர்ந்து நீங்க வர வேணாம்மா.”

கனகவல்லியின் முகத்தில் ஈயாடவில்லை.

“ஏம்மா? நீ சொல்ற நம்பரை எத்தினி தபா வேணும்னாலும் கரீட்டா போடுறேன். ஒரே ஒரு தபா மட்டும்...”

“அந்த ஒரு தடவைதாம்மா என் வேலைக்கே உலை வைக்குது!”

சொன்ன பிறகு வேதாவுக்கே தன் குரல் பிடிக்கவில்லை.

கனகவல்லி தலையைக் குனிந்துகொண்டாள். “சரிம்மா. கடைசியா ஒரு தபா போட்டுக்கட்டுமா?”

மடமடவென்று பட்டன்களை அழுத்தினாள்.

“பாருங்க, அட்டையைக்கூடப் பாக்கலை!” என்றார் தட்சிணாமூர்த்தி.

அடுத்த அறையில் மணி அடிக்கவில்லை. கனகவல்லி ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக் காதோடு வைத்திருந்தாள். வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக வைத்துவிட்டு எழுந்தாள்.

மனசு கேட்காமல் வேதா அன்றைக்கு இரண்டு டப்பாவாக எடுத்துக் கொடுத்தாள். கனகவல்லி ஒன்றைக்கூடத் தொடாமல் போய்விட்டாள்.

“திமிரைப் பாருங்க” என்றார் தட்சிணாமூர்த்தி. வேதாவுக்கும் கொஞ்சம் அப்படித்தான் பட்டது.

மாடல் பாஸானது. மேலிடத்தில் வேதாவுக்குப் பாராட்டு, வேலையும் நிலைத்தது. ஆனாலும் சேலையூர் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்தக் குனிந்த தலை ஞாபகத்துக்கு வந்து உறுத்தும். ஒரு வார்த்தை தன்மையாகச் சொல்லியிருக்கலாமே என்று இருக்கும்.

சில வாரங்கள் போயின. அடுத்து, ரீடயல் பட்டனைப் பார்க்க வேண்டும். கடைசியாகப் போட்ட நம்பரை அதுவே திரும்பப் போட்டுக்கொள்ளும் புது வசதி அது. கனகவல்லி கடைசியாகப் போட்ட அன்றைக்குப் பிறகு யாரும் தொடாமல் துணி போட்டு மூடி வைத்திருந்த போன் முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வேதா உட்கார்ந்தாள். ரிசீவரை எடுத்துப் பட்டனை அழுத்தினாள்.

அடுத்த அறை அமைதியாக இருந்தது. எங்கோ வேறு இடத்தில் மணி போனது. உடனே எடுத்துவிட்டார்கள்.

“ஹலோ, எஸ்டிடி பூத்துங்க.” சின்ன வயசுப் பெண்ணின் குரல்.

கனகவல்லி போட்ட ராங் நம்பர்! ஸாரி சொல்லி வைத்துவிடலாமா, யாரென்று கேட்கலாமா என்று வேதா யோசித்த அந்தக் கொஞ்ச நேரத்தில் அந்தக் குரல் இறங்கியது.

“அம்மா... நீதானே?”

வேதா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“ஏம்மா இத்தினி நாளா போடலை? ஒடம்பு நல்லா கீதா? செவ்வாக்கெழமையானா நான் டீ குடிக்கக்கூட எழுந்து போறதில்லம்மா.” குரல் கம்மியது. “என்னோட பேச மாட்டேன்னு அப்பா உங்கிட்ட சத்தியம் வாங்கிக்கினாரு, எனக்குத் தெரியும். நீ பேச வேணாம்மா. எப்பவும் போல கேட்டுக்கினு மட்டும் இரு. நான் பேசறேன்.”